ரெண்டு வருஷமா முடியாத சிவப்புக் கார்

சத்தியம் பண்ணுவதில் ஒரு சௌகரியம் உண்டு. எதை மீறக் கூடாது என்று தெளிவாகத் தெரிந்துவிடும். அப்புறம் அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடலாம். நம்ம மில்லிமீட்டரும் அப்படித்தான் தேடினார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்துகிற வேலை அவருக்கு. "ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் உலகமே கோணலாத் தெரியும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அதுவே பெயராகிவிட்டது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கார் கட்டுவார். நிஜக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு. பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் நூறு, நூற்றைம்பது துண்டுகள் தொங்கும். ஒவ்வொன்றையும் நறுக்கி, அரம் போட்டு, ஒட்டி, உப்புத்தாளில் தேய்த்து, பெயின்ட் அடித்து, மறுபடி தேய்த்து, மேலே வார்னிஷ் ஏற்றி, அதையும் தேய்ப்பார். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படித் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்கள்.

பெயின்ட் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை குளியலறை அவருக்குத்தான். தரையில் வெந்நீரைக் கொட்டி ஆவி கிளப்பினால், காற்றில் திரிகிற தூசியெல்லாம் அடங்கிவிடுமாம். இவர் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே இருப்பார். மனைவி தோளில் துண்டோடு வெளியே நிற்பாள்.

"என்னங்க, நான் குளிக்கணும்."

"கார் குளிச்சிட்டிருக்கு. ஒரு மணி நேரம் பொறுத்துக்க."

அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஜன்னலோர மேஜை. வீட்டில் வெளிச்சம் விழுகிற இடம் அது ஒன்றுதான். அதில் கார் உட்கார்ந்திருந்தது. அவளுடைய தையல் மெஷின் சமையலறைக்குப் போகிற நடையில் இருந்தது. அங்கே பட்டப்பகலிலும் விளக்குப் போட்டாக வேண்டும். கறுப்புத் துணி தைக்க வந்தால் ஊசியில் நூல் கோப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும்.

"ஒரு முடிவுக்கு வருவோம்" என்றாள் ஒருநாள்.

"வருவோம்."

"இப்ப கையில ஒரு சிவப்புக் கார் பெட்டி வச்சிருக்கீங்க. அதை முடிங்க. முடிச்ச அன்னிக்கு மேஜையைப் பத்திப் பேசுவோம். அதுவரைக்கும் இன்னொரு பெட்டி இந்த வாசப்படி ஏறக் கூடாது."

"ஏறாது."

"ஏறினா?"

"ஏறினா மேஜையை நீயே எடுத்துக்க. சத்தியம்."

சிவப்புக் கார் மூன்றே வாரத்தில் முடிந்துபோயிற்று. அப்போதுதான் மில்லிமீட்டருக்கு நிலைமை உறைத்தது. முடிந்தது என்று சொன்னால் மேஜையைப் பற்றிப் பேச வேண்டும். பேச்சில் அவளை ஜெயித்தவர் அவர் பக்கத்து உறவிலும் கிடையாது, அவள் பக்கத்து உறவிலும் கிடையாது. முடியவில்லை என்றால் புதுப் பெட்டி வாங்க முடியாது. கை வேறு அரித்தது.

யோசித்தார். பெட்டிதானே வாசப்படி ஏறக் கூடாது? சாமான் ஏறலாமே.

அடுத்த வாரம் ஒரு பச்சைக் கார் வாங்கினார். அட்டைப் பெட்டியை வாங்கின கடையிலேயே விட்டுவிட்டு, துண்டுகளைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, பழைய சிவப்புக் கார் பெட்டிக்குள் கொட்டிக்கொண்டார். முடிந்த சிவப்புக் கார் அலமாரியின் உச்சிக்குப் போயிற்று, பழைய சூட்கேஸ்களுக்குப் பின்னால். உலகத்திலேயே பத்திரமான இடம் அது. ஸ்டூலில் ஏறினால் தலை சுற்றும் என்று கல்யாணமான வாரமே மனைவி சொல்லியிருந்தாள். பதினோரு வருஷமாக மின்விசிறி துடைப்பது, ஒட்டடை அடிப்பது, பல்பு மாட்டுவது எல்லாம் இவர்தான்.

என்றாலும் மேஜை மேல் இருப்பது அவள் கண்ணில் படாமல் போகுமா?

"என்னங்க, போன மாசம் இது சிவப்பா இருந்துச்சே?"

"கலர் திருப்தியா வரலை. மாத்திட்டேன்."

"ரெண்டு கதவுதானே இருந்துச்சு? இப்ப நாலு இருக்கு."

மில்லிமீட்டர் கதவுகளை எண்ணிப் பார்த்தார். பிறகு தொழில் கைகொடுத்தது. "அது கார்ல இல்லை. உன் கண்ல. உனக்குப் பவர் மாறியிருக்கு."

சொன்னதோடு நிற்கவில்லை. பொய்யைப் பலப்படுத்த வேண்டுமே என்று மறுநாளே அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்ய வைத்து, தன் கையாலேயே லென்ஸ் தேய்த்து, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் புதுக் கண்ணாடி போட்டுக்கொடுத்தார். அவளும் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அடேங்கப்பா, நல்லாத் தெரியுதுங்க" என்றாள். அதற்குப் பிறகு காரைப் பற்றி அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மில்லிமீட்டர் தன் முதுகைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

பச்சைக்குப் பிறகு வெள்ளை. வெள்ளைக்குப் பிறகு கறுப்பு, மஞ்சள், சாம்பல். ரெண்டு வருஷத்தில் அலமாரி உச்சியில் ஆறு கார் வரிசைகட்டி நின்றன. சிவப்புக் கார் பெட்டிக்கு நாலு மூலையிலும் டேப் ஒட்டி, ஒட்டின டேப்பும் கிழிந்து, அதன் மேல் இன்னொரு டேப்பும் ஒட்டியாகிவிட்டது. அதற்குள் இப்போது ஏழாவதாக ஒரு நீல வேன் உருவாகிக்கொண்டிருந்தது.

இதில் அவரே எதிர்பாராத அதிசயம் ஒன்று நடந்தது. மூடி இல்லாமல், திறந்த இடத்தில், மாதக்கணக்கில் நின்ற கார்களின் மேல் தூசியே படியவில்லை. பக்கத்துச் சூட்கேஸில் விரலை வைத்தால் கோடு விழுந்தது. கார்கள் மட்டும் அன்று துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தன. எல்லாம் நம்ம வார்னிஷ் கலவையின் மகிமை என்று அவர் முடிவு கட்டினார். கலவையின் அளவைச் சொட்டுக் கணக்கில் ஒரு நோட்டில் எழுதிப் பூட்டியும் வைத்தார்.

எல்லாம் சரிதான். ஒரே ஒரு வலி. ஆறு கார் கட்டியவர், ஊருக்கு முன்னால் ஒரு காரைக்கூட முடிக்க முடியாதவராக இருக்க வேண்டியிருந்தது.

"மாப்பிள்ளை இன்னும் அந்தக் காரைத்தான் கட்டறாரா?" என்பார் மாமனார்.

"ஆமாப்பா. அதேதான். பாவம், விடாம முயற்சி பண்றார்" என்பாள் மனைவி. அவள் குரலில் இருந்த இரக்கம்தான் அவரை அதிகம் வதைத்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவும்போது அவள் சொன்னாள்.

"மாடி டாக்டர்கிட்டப் பேசிட்டேங்க. உங்க காரை ரெண்டு சாயங்காலத்துல முடிச்சுத் தர்றேன்னார். நாலு மணிக்கு வந்து பெட்டியை எடுத்துட்டுப் போறார்."

மாடி டாக்டர் பல் டாக்டர். அவரும் கார் கட்டுகிறவர். மாதம் ஒன்று முடித்துவிடுவார். பல் பிடுங்குகிற அவசரத்தில் கட்டினால் பம்பர் இப்படித்தான் இளிக்கும் என்பது மில்லிமீட்டரின் அபிப்பிராயம்.

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"யாரைக் கேக்கணும்? ரெண்டு வருஷமா நீங்க படற பாட்டைப் பாக்கச் சகிக்கலை. எல்லாருக்கும் எல்லாமும் வருமாங்க? உங்களுக்கு லென்ஸ் வருது. அது போதும்."

நாலு மணிக்கு டாக்டர் சொன்னபடி வந்துவிட்டார். மேஜை முன்னால் உட்கார்ந்து, டீயை வாங்கிக்கொண்டு, பெட்டியை இழுத்தார். மில்லிமீட்டர் பாய்ந்து மூடியின் மேல் கையை வைத்தார். மூடியைத் திறந்தால் சிவப்புக் கார் இருக்காது, நீல வேன் இருக்கும். மேஜை போயிற்று. திறக்காமலே கொடுத்தனுப்பினாலும் மாடியில் திறப்பார். கொடுக்காவிட்டால் இவர் கையாலாகாதவர் என்று இந்தக் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும்.

"கூச்சப்படாதீங்க சார்" என்றார் டாக்டர். "எங்க சிக்கல்? சக்கரமா, பெயின்ட்டா?"

"எல்லாமே சிக்கல்தான் டாக்டர்" என்றாள் மனைவி. "முக்கியமாக் கை நடுங்குது."

"யாருக்குக் கை நடுங்குது?"

"உங்களுக்குத்தாங்க. வயசாகுதில்ல. டாக்டர்கிட்ட என்ன மறைப்பு?"

"நடுக்கம் இருந்தா பெயின்ட் திட்டுத் திட்டா விழும்" என்றார் டாக்டர் அனுதாபத்தோடு. "பரவாயில்லை சார். நான் சாதாரணமா அடிச்சாலே உங்களுதை விட..."

"நிறுத்துங்க" என்றார் மில்லிமீட்டர்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்று நுணல் ஸ்டூலும் போட்டுக்கொண்டது. மில்லிமீட்டர் படுக்கையறைக்குள் ஓடி, ஸ்டூலில் ஏறி, சூட்கேஸ்களைத் தள்ளி, ஒவ்வொன்றாக இறக்கிக் கொண்டுவந்து மேஜையில் நிறுத்தினார். சிவப்பு. பச்சை. வெள்ளை. கறுப்பு. மஞ்சள். சாம்பல். கடைசியில் பெட்டியைத் திறந்து நீல வேனையும் எடுத்து வைத்தார்.

"சிவப்போட சேத்து ஏழு வாங்கி, ரெண்டு வருஷத்துல ஆறு முடிச்சிருக்கேன். யாருக்குக் கை நடுங்குது? சொல்லுங்க, யாருக்கு?"

டாக்டர் சிவப்புக் காரைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பம்பரில் தன் மூக்கு தெரிவதைக் கண்டு இன்னும் கிட்டக் கொண்டுபோனார். அந்த ஒரு நிமிஷம் மில்லிமீட்டருக்கு ஜென்மம் சாபல்யமாயிற்று.

"இதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு" என்றார், குரலைத் தாழ்த்தி. "ரெண்டு வருஷமாத் திறந்த இடத்துல நிக்குது. ஒரு பொட்டுத் தூசி இருக்கா பாருங்க. என் வார்னிஷ்ல தூசி ஒட்டாது. சொந்தக் கலவை."

டாக்டர் பார்த்தார். தூசி இல்லை. கதவு இடுக்கில் இல்லை, சக்கரத்துக்கு உள்ளே கூட இல்லை. மெதுவாகத் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார்.

"ஏம்மா, வார்னிஷ்ல கீறல் விழாத மாதிரி மெல்லிசா ஒரு பிரஷ் வேணும்னு போன வருஷம் என்கிட்ட வாங்கிட்டுப் போனீங்களே..."

"இதோ டாக்டர்" என்று தையல் பெட்டியிலிருந்து ஒரு சின்ன பிரஷை எடுத்துக் காட்டினாள் அவள். "வாரம் ஒரு தடவை தட்டறேன். ஒரு முடிகூடக் கொட்டலை."

மில்லிமீட்டர் உட்கார நாற்காலி தேடினார். "உனக்கு... எப்படித் தெரியும்?"

"நீங்க போட்டுக் கொடுத்த கண்ணாடிதாங்க. அன்னிக்குப் போட்டுக்கிட்டு நிமிர்ந்து பாத்தேன். சூட்கேஸ் சந்துல ஒரு சிவப்பு பம்பர் பளிச்சுன்னு தெரிஞ்சுது. அவ்வளவு சுத்தமா லென்ஸ் தேச்சிருக்கீங்க."

"உனக்குத்தான் ஏறினா தலை சுத்துமே?"

"ஸ்டூல்ல ஏறினா சுத்தும்னுதான் சொன்னேன். கட்டில் மேல ஏறினா சுத்தும்னு சொன்னேனா?"

டாக்டர் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே தோள் குலுங்கச் சிரித்தார். பதினோரு வருஷத்து மின்விசிறிகள் எல்லாம் மில்லிமீட்டரின் மனக்கண் முன்னால் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றின.

"தெரிஞ்சும் இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"நானாச் சொன்னா பெட்டி ஏறலை, சாமான்தான் ஏறிச்சுன்னு ஏதாவது சாக்குச் சொல்வீங்க. இப்ப ஏழு வாங்கினேன்னு நீங்களே சாட்சி வச்சுச் சொல்லியாச்சு. தவிர, அழகாத்தான் இருக்கு. தூசி படிஞ்சா மனசு கேக்கலை."

அதற்கு அவரால் கோபப்படவும் முடியவில்லை. சந்தோஷப்படவும் வழியில்லை. சொல்லி முடித்தவள் நடைக்குப் போய்விட்டாள். டாக்டர் ஒரு பக்கம் பிடிக்க, தையல் மெஷின் தடதடவென்று ஜன்னலை நோக்கி வந்தது. ஆறு காரும் ஒரு வேனும் மில்லிமீட்டரின் மடிக்கு மாறின. அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து, கறுப்பு நூலை எடுத்து, ஒரே மூச்சில் ஊசியில் கோத்தாள்.

"அப்போ நான் எங்க உக்காந்து கட்டறது?" என்றார் மில்லிமீட்டர், ஈனஸ்வரத்தில்.

"அலமாரி மேல நிறைய இடம் இருக்குங்க" என்றாள் அவள், தையலிலிருந்து தலையைத் தூக்காமல். "நான்தான் தட்டித் தட்டிச் சுத்தமா வச்சிருக்கேனே."