ஓடாத சானலுக்கு நீலம் அடித்தவர்

எங்கள் பாறசாலைப் பக்கத்தில் நீலம் அண்ணனின் கைபடாமல் நீலமாக இருப்பது வானம் ஒன்றுதான். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். மிச்சமாகும் நீலத்தைக் கிணற்றுச் சுவர், ஆட்டுக் கொம்பு, அடுத்த வீட்டு கேட் என்று எதிலாவது பூசிவிட்டுத்தான் தூங்குவார். அசல் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

வயல்களுக்குப் பாயும் கால்வாயான ஊர்ச் சானலில் மூன்று கோடையாகத் தண்ணீர் வரவில்லை. வாழையெல்லாம் கருகியது. என்ன கோளாறு என்று ஊரே சேர்ந்து ஆராய்வதாக முடிவாயிற்று. பொறுப்பு என் தலையில். கேள்வித்தாளைக் கண்டால் எங்கள் ஊர் வாயை மூடிக்கொள்ளும். அதனால் நாலு படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்து, அதில் அவரவர் வயலையும் கிணற்றையும் அவரவரே வரையச் சொன்னேன். ஒருவர் வரைந்ததை இன்னொருவர் அழிக்கக் கூடாது என்று சட்டமும் போட்டேன். என் புத்தி அப்படி.

நீலம் அண்ணன் வந்தார். படத்தில் வறண்ட சானல் நெடுக நீலம் அடித்து, இரண்டு மீனும் விட்டார்.

“அண்ணே, தண்ணியில்லாத சானலாக்கும் அது!”

“இப்ப இல்ல மக்கா. வந்த பொறவு படத்த மாத்த ஆரு மெனக்கெடுவா?”

கிராமசபைக்கு வந்த மலையாளத்து அதிகாரி படத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். சானல் நிறைந்து ஓடுகிறதென்றே நினைத்துவிட்டார். “வெள்ளம் நல்லோணம் உண்டல்லோ! அடுத்த விஷயம் எந்தா?”

கோபத்தில் எனக்குக் கண்மண் தெரியவில்லை. “ஒம்ம நீலத்தால ஊரு வாழையெல்லாம் போச்சு, ஓய்!” என்று சபை நடுவிலேயே கத்திவிட்டேன்.

நீலம் அண்ணன் படத் துணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். “சாறே, வாருங்க. மீனு காட்டித் தாறேன்.”

அதிகாரி சிரித்துக்கொண்டே எழுந்தார். சபையே பின்னால் நடந்தது. அண்ணன் சானலுக்குள் இறங்கி, வெடித்த மண்ணில் துணியை விரித்தார். வேட்டியை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு நீலத்தில் மெல்ல மெல்ல நடந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், சலசலவென்று எனக்குக் கேட்டது. பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துத் தொடர்ந்தார்கள். அதிகாரியும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு நாலடி வந்த பிறகுதான் குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றது.

“எவிடயா அடஞ்சு கிடக்குது?” என்று கேட்டார்.

அன்றைக்கே மேடுவரை நடந்து அடைப்பைப் பார்த்தார். அடுத்த மாதம் தண்ணீர் வந்தது. நீலமெல்லாம் இல்லை, சுத்தச் செம்மண் கலங்கல்.

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“அண்ணே, அண்ணைக்கு நான் சபையில...”

“எலே, பேச்சு பொறவு. எறங்கு, நல்ல குளிராக்கும்.”

செருப்போடே இறங்கிவிட்டேன். அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.