மீதி ஒன்று

"ஏனுங்க வாத்தியாரே, ஏழால வகுத்தா மீதி ஒண்ணு வருதுங்களே!"

கையில் சாக்பீஸோடு கரும்பலகை முன்னால் நின்ற மில் முதலாளி கேட்டதும் திருமலைசாமி திடுக்கிட்டார். மீதி வரவே கூடாது!

பெரியநாயக்கன்பாளையத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியார் அவர். இரண்டு முதல் முப்பத்தொன்று வரையுள்ள பகா எண்களையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கினார். இருபதாயிரத்து ஐம்பத்தாறு கோடியே நாலு லட்சத்துச் சொச்சம் வந்தது. அதைப் பெயிண்டர் செங்கோடனிடம் கொடுத்து, மேடை நீளத்துக்குப் பேனர் எழுதி வாங்கிக் கட்டியிருந்தார். பெருக்கிய எண்களில் எதைக் கொண்டு வகுத்தாலும் மீதியில்லாமல் வகுபடும் என்பதுதான் வேடிக்கை.

பள்ளிகளுக்கான கணக்குக் கண்காட்சியில் அசத்துகிற பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று முதலாளி சொல்லியிருந்தார். தொண்ணூற்று மூன்றில் கம்ப்யூட்டர் என்றால் சும்மாவா! அந்தப் பரபரப்பில் வாத்தியார் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். பேனர் அவர் கண்ணுக்கு வெறும் நீலக் கோடு.

"ஏழு வேண்டாமுங்க. பதினொண்ணு போட்டுப் பாருங்க."

மீதி ஒன்று.

"பதிமூணு?"

அதற்கும் ஒன்று. கூட்டம் சிரித்தது. தலைமையாசிரியை அற்புதம் பல்லைக் கடித்துக்கொண்டு, "சார், கம்ப்யூட்டர் போச்சு!" என்றார்.

வாத்தியார் வாயில் வந்ததைச் சொன்னார். "அதுதானுங்க விசேஷமே! இதை எதாலயும் வகுக்க முடியாதுங்க. இதுவே ஒரு பகா எண்!"

முதலாளி துள்ளினார். மைக்கைப் பிடுங்கினார். "எல்லாரும் கேட்டுக்குங்க! இதை மீதியில்லாம வகுக்கிறவங்களுக்குத்தான் கம்ப்யூட்டர்!"

போச்சுடா! காரமடையிலிருந்து வந்திருந்த பள்ளிக்கூடமே நோட்டைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டது.

"பதினேழு... மீதி ஒண்ணு!"

"பத்தொம்பதுக்கும் ஒண்ணு!"

திடீரென்று காரமடை வாத்தியார் எழுந்து, "முப்பத்தேழு! மீதியே இல்லீங்க!" என்று கத்தினார்.

திருமலைசாமி நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முதலாளி தானே ஒருமுறை வகுத்துப் பார்த்தார்.

"அட, கழிக்கறதுல தப்புப் பண்ணிப்போட்டீங்க!"

எங்கும் விசில் பறந்தது. சாயங்காலம் வரை மல்லுக்கட்டியும் ஒருவராலும் முடியவில்லை. முதலாளி தன் கழுத்து மாலையைக் கழற்றி வாத்தியாருக்குப் போட்டார்.

"கம்ப்யூட்டர் உங்க பள்ளிக்கூடத்துக்கேதானுங்க! எப்படீங்க இதைக் கண்டுபிடிச்சீங்க?"

"எல்லாம் ஆராய்ச்சிதானுங்க" என்றார் வாத்தியார், கொஞ்சமும் கூசாமல்.

பேனரை அவிழ்க்க ஏணியில் ஏறியிருந்த செங்கோடன் தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். கடைசில நூத்தி முப்பதுன்னு சைபர்ல முடிச்சிருந்தீங்க. நல்ல காரியத்துக்கு ஆகாதேன்னு, மொய் வெக்கிற மாதிரி நான்தானுங்க ஒண்ணைச் சேத்து முப்பத்தி ஒண்ணாக்கிப்போட்டேன்!"