பாரிவாக்கம் ஏழாம் நம்பர் நாற்காலி

பெண் பார்க்கப் போன இடத்தில் அசடு வழிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் தான் அசடு வழியப்போவதைக் கைப்பட எழுதி, மாட்டு வண்டியில் ஏற்றி, முன்கூட்டியே அனுப்பி வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். முப்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. பூந்தமல்லியில் ஏரிக்கரையை ஒட்டி எங்கள் கால்பந்துச் சங்கத்துக்கு ஒரு மைதானம் இருந்தது. அந்த வருஷம் என்னைச் செகரட்டரி ஆக்கினார்கள். (வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

மைதானத்தில் ஒரு வழக்கம். சீசன் டிக்கெட் எடுப்பவர் தன் வீட்டு நாற்காலியைத் தானே கொண்டுவந்து போட்டுக்கொள்ள வேண்டும். முதல் ஆட்டத்துக்கு முன் நாற்காலி வண்டியேறி வரும். கடைசி ஆட்டம் முடிந்ததும் வீடு திரும்பும். முதுகில் வெள்ளை பெயிண்டால் நம்பர் எழுதியிருக்கும். கடைத்தெரு வழியாக ஒருவருடைய நாற்காலி மைதானத்துக்குப் போனால், அவர் வசதியாக இருக்கிறார் என்று ஊர் தெரிந்துகொள்ளும். டிக்கெட் இல்லாதவர்கள் ஏரிக்கரையில் நின்று ஓசியில் பார்ப்பார்கள். உண்மையைச் சொன்னால் கரையிலிருந்துதான் ஆட்டம் நன்றாகத் தெரியும்.

அந்த வருஷம் நெல் விலை படுத்துவிட்டது. விளைந்ததை வாங்க ஆளில்லை. யாரும் டிக்கெட் எடுக்க மாட்டார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். ஆனால் முதல் ஆட்டத்தன்று பார்த்தால், போன வருஷத்து இருபது நாற்காலியும் வரிசையாக வந்து நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் நிர்வாகத் திறமைதான் காரணம் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கியதும் பார்த்தால் ஒன்பது நாற்காலியில்தான் ஆள். மற்ற பதினொன்றும் காலி. டிக்கெட் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தப் பதினொரு பேரும் டிக்கெட் எடுக்கவே இல்லை. நாற்காலியை மட்டும் அனுப்பி வைத்திருந்தார்கள்.

அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். நான் யோசிக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழு ஆட்டம் வரை பொறுத்தேன். பிறகு உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன்.

"இப்பருவத்துக்கான டிக்கெட்டைத் தாங்கள் எடுக்காத காரணத்தால், தங்கள் நாற்காலி தங்களிடமே சேர்ப்பிக்கப்படுகிறது. மைதானத்தின் இடப்பற்றாக்குறையை உத்தேசித்துப் பொறுத்தருள வேண்டும். இப்படிக்கு, செகரட்டரி."

(இடப்பற்றாக்குறையாம். அந்த மைதானத்தில் ஒரு மாட்டுச் சந்தையே நடத்தலாம்.)

நாற்காலிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைக் கரீம் பாயிடம் கொடுத்தேன். அவர் சங்கத்தின் வண்டிக்காரர், கேட் காவலர், பந்துக்குக் காற்றடிப்பவர், எல்லாம். சுற்றுவட்டாரத்தில் அவருக்குத் தெரியாத வீடு கிடையாது. என்னிடம் இருந்த பட்டியலிலோ பெயர்களே இல்லை. பழைய செகரட்டரி 'பாரிவாக்கம் ஏழு', 'மேனாம்பேடு பன்னிரண்டு' என்றுதான் எழுதி வைத்திருந்தார்.

"பாய், கடிதத்தைச் சும்மா குடுத்துட்டு வந்துடாதீங்க. வாசல்ல நின்னு சத்தமாச் சொல்லுங்க. நாலு பேர் காதுல வுழுந்தாத்தான் ரோஷம் வந்து டிக்கெட் எடுப்பாங்க" என்றேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதே தம்பி. நீ ரெண்டு வாட்டி சொல்லு, மனசுல வெச்சிக்கிறேன்" என்றார் பாய். ஐந்து முறை சொல்லிக்கொடுத்தேன். என் பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு பொறுமையாக நான் பாடம் சொல்லித் தந்ததில்லை.

வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டிய வண்டி, மாட்டுக்குக் கால் சுளுக்கியதால் கிளம்பவில்லை. பாய் என்னிடம் சொல்லவும் இல்லை. எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா, அம்மாவோடு பெண் பார்க்கக் கிளம்பினேன். ஊர் பாரிவாக்கம். பெண்ணின் அப்பா துரைசாமிக்கு ஐந்து காணி நெல், கொஞ்சம் மல்லித் தோட்டம். பாரிவாக்கம் ஒன்றும் பட்டணம் இல்லை. இருந்தும் என் மண்டையில் எதுவும் உறைக்கவில்லை.

கூடத்தில் கோரைப்பாய் விரித்து எங்களை உட்கார வைத்தார்கள். பெண்ணின் தாய்மாமன் பேச்சுக்காரர்.

"கீழ உக்கார வெச்சோம்னு தப்பா நெனைக்காதீங்க. எங்க அத்தான் நாற்காலி கிரவுண்டுல கீது. சீசன் முடிஞ்சாத்தான் ஊட்டுக்கு வரும்" என்றார் பெருமையாக.

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மாமனாராக வரப்போகிறவர் நம்ம ஆள். துரைசாமி மட்டும் ஏனோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனாம் நம்பருங்க?" என்று கேட்டேன்.

"ஏழு" என்றார் தாய்மாமன்.

கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன். வெள்ளிக்கிழமையே வந்து சேர்ந்திருக்க வேண்டுமே, ஏன் வரவில்லை என்று யோசிப்பதற்குள் தெருவில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. அந்த மணியை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வீட்டில் அப்போது நடக்கப்போவது தெரிந்த ஒரே ஆள் நான்தான். எழுந்து ஓடியிருக்கலாம். கால் மரத்துப் போயிருந்தது.

கரீம் பாய் நாற்காலியை வாசலில் இறக்கினார். தெருக்காரர்கள் சேரும்வரை காத்திருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். இடப்பற்றாக்குறை வரை வந்தவர், உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அட, செகரட்டரி தம்பியே இங்கதான் குந்திகினு கீறாரு. மிச்சத்த நீயே சொல்லிடுப்பா. கடைசி வரி மறந்துபூட்டேன்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "இன்னாடா இது?" என்றாள் மெதுவாக. அப்பா மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் அப்படிப் போட்டால் கிளம்பலாம் என்று அர்த்தம்.

துரைசாமி எழுந்து போய் நாற்காலியைத் தானே தூக்கிவந்து கூடத்தில் வைத்தார்.

"நெல்லு நல்லாத்தான் வெளைஞ்சிது தம்பி. விக்கல. பூவ பட்டணத்துக்கு அனுப்புனா வண்டிக் கூலிக்கே கட்டல. இந்த வருசம் டிக்கெட் வேணாம்னு நான்தான் முடிவு பண்ணேன். கரையில நின்னு பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். தலையில துண்டப் போட்டுகினு ஏழு ஆட்டமும் பாத்தேன். ஆனா நாற்காலி போகலன்னா, பொண்ணக் கட்டிக்குடுக்க வக்கில்லாதவன்னு ஊரு பேசும். அதான் அத மட்டும் அனுப்பினேன்" என்றார்.

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அதே வெட்கம்தான். அவருக்கு ரோஷம் வரவேண்டும் என்றுதானே சத்தமாகச் சொல்லச் சொன்னேன். அந்த ரோஷத்தைக் காப்பாற்றத்தான் அவர் நாற்காலியையே அனுப்பியிருந்தார். "மன்னிச்சிடுங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அதுவரை நான் கேட்டிராத குரல்.

"நாற்காலிதான் வந்துடுச்சே. அவரக் கீழ உக்கார வெச்சிருக்கறது நல்லா இல்ல. அதுலயே உக்காரச் சொல்லுங்க."

துரைசாமிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தாய்மாமன், பிறகு அம்மா. கடைசியில் அப்பா துண்டைப் பழையபடி மடியில் வைத்துக்கொண்டார். நான் போய் ஏழாம் நம்பரில் உட்கார்ந்தேன். அதற்கு ஒரு கால் குட்டை. மைதானத்தில் அந்தக் காலுக்கு அடியில் செங்கல் வைத்ததே நான்தான். ஆடாமல் இருக்க ஒரு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி, பெண் நாகம்மா, காப்பி கொண்டுவந்தபோது நிமிர்ந்து பார்க்கக்கூட முடியவில்லை. அடக்கமான பையன் என்று அவள் அத்தை சொன்னாளாம்.

மற்ற பத்து நாற்காலிகளையும் அன்றே திருப்பிக் கொண்டுவரச் சொன்னேன். "மாட்டுக்கு மறுபடி கால் சுளுக்கும்" என்று பாய் முணுமுணுத்தாலும் கொண்டுவந்தார். அந்த சீசன் முழுக்க அவை காலியாகவே நின்றன. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்யாணம் தை மாதம் நடந்தது. மாமனாருக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். "மாப்ள காசுல உக்காந்தா, உங்க ஆளுங்க ஆடுற லட்சணத்த வாய்விட்டுத் திட்ட முடியாதே" என்று திருப்பித் தந்துவிட்டார். நெல் விலை தலைதூக்கும்வரை கரையில்தான் நின்றார். இப்போது தலையில் துண்டு இல்லை. விலை ஏறிய வருஷம், சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, நாற்காலியைக் கடைத்தெருவில் இரண்டு சுற்றுச் சுற்றவிட்டு அனுப்பினார்.

அவருக்குப் பிறகு ஏழாம் நம்பர் எங்கள் வீட்டுக்கு வந்தது. என் கடிதம் இந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். கட்டிலில் என்னைத் தள்ளிப் படுக்கச் சொல்ல வேண்டுமென்றால், நாகம்மா "இடப்பற்றாக்குறையை உத்தேசித்து" என்றுதான் தொடங்குவாள். நேற்று முழங்கால் வலி தாங்காமல் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ஐந்து வயதுப் பேத்தி எதிரில் வந்து கையை நீட்டினாள்.

"தாத்தா, டிக்கெட்?"

எழுந்து நின்றுகொண்டேன்.