டவர் தூங்கும் நேரம்

பகல் பதினொன்று அடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாமனார் பால்கனியில் நாற்காலியைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார், காதில் போனோடு. இரவு வேலை முடிந்து வந்து அப்போதுதான் தலையணையில் தலை வைத்த மருமகள் பதறி எழுந்து வந்தாள்.

"ஏம்மா, உங்க டவர் தூங்கப் போயிடுச்சு. ஒரு வார்த்தை ஒழுங்கா கேக்கலை."

"மாமா, முதல்ல கீழ இறங்குங்க."

"இறங்கினா இருக்கற சிக்னலும் போயிடும்மா."

செல்போன் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு வேலை. எட்டு வருடமாக மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது இவள் வீடு திரும்புவாள். மகள் வீட்டுப்பாடத்தை விரிக்கும்போது இவள் கிளம்புவாள். அம்மாவை வரையச் சொன்னால் அந்தக் குழந்தை கட்டிலோடு சேர்த்துத்தான் வரையும்.

இரவுப் பணியிலிருந்து விடுபட மேலாளர் ஒரு வழி சொல்லியிருந்தார். டவரில் அலைபரப்பும் பெட்டிகள் நான்கு. பகல் பதினொன்றிலிருந்து நான்குவரை எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும் குடியிருப்புப் பகுதியில் இரண்டைத் தூங்கவைத்தாலும் யாருக்கும் தெரியாது. கூட்டம் கூடினால் அவை தாமாகவே விழித்துக்கொள்ளும். பதினைந்து நாளில் மின்செலவில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக் காட்டினால் அவளுக்கு நிரந்தரப் பகல் பணி. பகலில் தன் தெரு எப்படி வெறிச்சோடிக் கிடக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. அதனால் தன் பகுதி டவரையே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எதைச் செய்வதானாலும் முதலில் வாடிக்கையாளருக்கு ஒரு வரி சொல்லிவிடுவது அந்தக் கம்பெனியின் வழக்கம். அவளும் மரியாதையாக ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். உங்கள் பகுதி டவர் தினமும் பதினொன்றிலிருந்து நான்குவரை சற்று ஓய்வெடுக்கும், பேசுவதில் எந்த இடையூறும் இருக்காது என்று.

மனிதர்கள் முதல் பாதியை மட்டும் படித்தார்கள்.

அன்று பகல் மாமனார் தன் தங்கைக்கும், சம்பந்திக்கும், கூட வேலை பார்த்த ஏழு பேருக்கும் போன் செய்து "கேக்குதா?" என்று விசாரித்தார். அவர்கள் "கேக்குது" என்றதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெருவில் மற்ற வீடுகளிலும் இதே விசாரணைதான். வழக்கமாக ஈ ஓட்டும் நேரத்தில் டவரில் மூன்று மடங்கு கூட்டம். மின்செலவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தது.

பயந்தால்தானே சோதிக்கிறார்கள், பயத்தைப் போக்கிவிடலாம் என்று இரண்டாவது செய்தி அனுப்பினாள். கவலை வேண்டாம் என்று அதில் போட்டிருந்தது. முதல் செய்தியைப் படிக்காமலே அழித்திருந்த புண்ணியவான்களும் இப்போது கவலைப்பட ஆரம்பித்தார்கள்.

புகார் சொல்லத் தனி எண் கொடுத்தாள். ஆளுக்கு இருபது நிமிடம் அந்த எண்ணில் இசை கேட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அத்தனை இசையும் அதே டவர் வழியாகத்தான் வந்தது.

ஐந்தாம் நாள் டவரைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனைக் கூப்பிட்டு, தூங்கவேண்டிய பெட்டிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டாள். இரண்டும் நன்றாக முழித்துக்கொண்டுதான் இருக்கின்றன என்றார் அவர். கூட்டம் எழுப்பிவிட்டிருக்கிறது என்று புரிந்தது. அவற்றின்மேல் அவளுக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது. பதினொன்றிலிருந்து நான்குவரைதான் அவளுக்கும் தூங்கும் நேரம்.

வீட்டிலாவது அமைதி கிடைக்கட்டும் என்று சிக்னலைக் கூட்டும் கருவி ஒன்று வாங்கி வைத்தாள். மாமனார் தன் பங்குக்கு மேலும் இரண்டு வாங்கிவந்தார். அதைப் பார்த்து அடுக்ககம் முழுக்க வாங்கியது. இருபத்துநாலு மணிநேரமும் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வீட்டுக்கு வீடு மூன்று கருவிகள் மின்சாரம் குடித்தன. மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் அவளை 'டவரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் அடுக்ககச் செயலாளர் நாற்பது வீடுகளையும் ஒரே வீடியோ அழைப்பில் கூட்டினார். சிக்னலே கிடைப்பதில்லை என்பது பற்றி, நடுப்பகலில், ஒன்றரை மணி நேரம் ஒரு விக்கல்கூட இல்லாமல் பேசினார்கள். மாமனார் கூடத்தில் உட்கார்ந்து, பக்கத்து அறையில் மருமகள் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருக்க, உரக்க வழிமொழிந்தார்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அதற்குத் தெம்பு வேண்டுமே. படுத்தபடியே மேலாளரைக் கூப்பிட்டாள்.

"என்னால முடியலை சார். நிறுத்திடலாம்."

"பகல் பணி போயிடுமேம்மா."

"போகட்டும் சார். கொஞ்ச நேரம் தூங்கினாப் போதும்."

போனை வைத்த பிறகு அழுகை வந்தது. பள்ளியிலிருந்து வந்த மகள் எட்டிப் பார்த்துவிட்டு, அம்மா தூங்குவதாக நினைத்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

அன்று மாலையே மூன்றாவது செய்தி போயிற்று. டவர் இனி முழுநேரமும் இயங்கும், ஒத்துழைப்புக்கு நன்றி.

மறுநாள் பதினொன்றரைக்கு மாமனார் சோபாவில் சாய்ந்தபடி தங்கையோடு பேசினார். அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது என்று ஒரே பூரிப்பு. பத்து பேர் சேர்ந்து கேட்டால்தான் கம்பெனிக்காரன் வழிக்கு வருவான் என்று மருமகளுக்கே பாடம் எடுத்தார். செயலாளர் வீட்டு வாசலுக்கே வந்து நன்றி சொன்னார். சோதிப்பாரில்லாமல் டவர் காலியாகக் கிடந்தது. மின்செலவு அந்த மாதத்திலேயே மிகக் குறைவான இடத்துக்கு இறங்கியிருந்தது.

சொன்ன சொல்லுக்கு ஓடி வந்து பெட்டிகளைப் பழையபடி மாற்றிக்கொடுத்தாரே, ஒரு வார்த்தை நன்றியாவது சொல்வோம் என்று அவள் டெக்னீஷியனைக் கூப்பிட்டாள்.

அவர் தயங்கினார்.

"நான் எதையும் மாத்தலையே மேடம். பெட்டியைத் தூங்க வைக்கறதுக்கான உத்தரவு இன்னும் உங்க கையெழுத்துக்குத்தானே காத்திருக்கு. அந்த டவர் ஒரு நிமிஷம்கூடத் தூங்கலையே."