மெத்தைக்காரர் ஓட்டிவிட்ட காட்சிகள்

இனிமேல் தன் வீட்டு டிவியில் ஆம்பளையும் ஆம்பளையும் காதலிக்கக் கூடாது என்று மெத்தைக்காரர் முடிவெடுத்தார். பெரிய முடிவு. கை கால் கழுவுவதற்கு முன்பே எடுத்த முடிவு.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்திருந்தார். கூடத்தில் டிவி. டிவியில் ஒருத்தன் இன்னொருத்தன் கன்னத்தில் இருந்த கிரீஸைத் துணியால் துடைக்கிறான். துடைக்கிறான், துடைத்துக்கொண்டே இருக்கிறான். அந்த நேரத்துக்கு ஒரு லாரியையே துடைத்து முடித்திருக்கலாம்.

"என்ன இது?"

"தொடர்ங்க" என்றாள் மனைவி.

"அது தெரியுது. இவன் யாரு?"

"படகு மெக்கானிக்."

"அவன்?"

"பாட்டு வாத்தியார்."

"சரி, பொண்ணு எங்க?"

"பொண்ணு இல்லைங்க."

"பொண்ணு இல்லாம எப்படிக் காதல்?"

"அதைத்தான் இத்தனை எபிசோடா காட்டுறாங்க. பி.எல்.னு சொல்வாங்க, பாய்ஸ் லவ். உலகமே பாக்குது."

"உலகம் பாக்கட்டும். அது உலகத்தோட வீடு. இது என் வீடு. நிறுத்து!"

"சரிங்க" என்றாள் அவள்.

அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு விஷயத்துக்கும் அவள் முதல் தடவையே சரி சொன்னதில்லை. அவளுக்கு மருந்துக் கடை கவுன்டரில் காலை ஷிப்ட். கசப்பு மாத்திரையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களைச் சிரித்த முகமாக வாங்கிப் போக வைப்பதுதான் வேலை. அந்தச் சிரிப்போடு சொன்னாள்:

"ஆனா பாதியில நிறுத்தினா மனசு அதுலயே கிடக்கும்ங்க. ஒண்ணு செய்யுங்க. சாப்பிட்டதும் நீங்களே பக்கத்துல உக்காருங்க. வேண்டாதது வந்தா ஓட்டி விடுங்க. எது வேணும் எது வேண்டாம்னு எனக்கு எங்க தெரியும்? நீங்க நாலு இடம் போய் வர்றவரு."

அவர் போய் வருவது இரண்டே இடம். வீடு, கடை. ஆனால் அவள் சொன்னதும் நாலு இடம் போய் வருகிற மாதிரியே இருந்தது. ரிமோட்டை வாங்கிக்கொண்டார்.

"ஒரு முழம்" என்று சட்டம் போட்டார். "ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு முழம் இடம் இருக்கணும். குறைஞ்சா ஓட்டிடுவேன்."

சட்டைப் பையில் டேப் இருந்தும் முழங்கையால் மெத்தை அளக்கிற மனுஷன் வேறு எப்படிச் சட்டம் போடுவார்? இதே மனுஷன்தான் கடையில் புதுசாகக் கல்யாணமானவர்களிடம், "ரெண்டு பேரும் சேர்ந்து படுத்துப் பாருங்க, நடுவுல பள்ளம் விழுதா பாருங்க" என்று கூச்சமே இல்லாமல் சொல்வார். வியாபாரம் வேறு, வீடு வேறு.

இப்போது மாடி அறைக்கு வருவோம். அங்கே இருப்பது மனைவியின் தம்பி. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவன். அவனும் நெட்டையன் என்கிற ஒருத்தனும் காதலிக்கிறார்கள். நெட்டையன் டவுன் பஸ் டிரைவர். தம்பியைத் தினமும் பஸ்ஸில் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவான். வீட்டுக்குள் வந்ததே இல்லை. விஷயம் அக்காவுக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியாது. மாமா பாட்டுக்கு பேக்கரிக்காரர் பெண்ணை மச்சினனுக்குப் பேசி வைத்திருந்தார். மாசக் கடைசியில் உறுதி சொல்வதாக ஏற்பாடு.

"சொன்னா வெளியே போன்னுடுவாருக்கா" என்று தம்பி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதிருந்தான். "சொல்லாம கட்டிக்கிட்டா அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணிச்சு? ஓடிப்போகலாம்னா, என்னை வளர்த்த மனுஷனை எப்படி விட்டுட்டுப் போறது?"

"ஓட வேண்டாம். அழவும் வேண்டாம்" என்றாள் அக்கா. "கொஞ்சம் பொறு. மருந்து ஆரம்பிச்சிருக்கேன். சாப்பாட்டுக்கு அப்புறம், வேளைக்கு ஒண்ணு."

மருந்து ஆரம்பித்தது. மெத்தைக்காரர் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, கட்டை விரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டார். மெக்கானிக் வாத்தியாருக்குத் துடுப்புப் போடச் சொல்லித் தந்தான். ஓட்டினார். சட்டைப் பட்டன் தைத்துக் கொடுத்தான். ஓட்டினார். தலைமுடி வெட்டினான். அதையும் ஓட்டினார்.

"முடி வெட்டுறதுங்க அது."

"கிட்டத்தானே நிக்கிறான்?"

"முழம் தள்ளி நின்னு வெட்டினா காது போயிடும்ங்க."

"போகட்டும்."

எபிசோடுகள் சாப்பிட்ட கை காய்வதற்குள் முடிந்தன. அதில் தப்பில்லை. கதை புரியவில்லை, அதுதான் தொல்லை. திடீரென்று மெக்கானிக் கையில் கட்டு.

"இவனுக்கு என்ன ஆச்சு?"

"நீங்க ஓட்டினதுல அடிபட்டிருக்கும்."

அடுத்த மத்தியானம் வாத்தியார் பெட்டி கட்டிக்கொண்டு நின்றான்.

"எங்க போறான் இவன்? நேத்து நல்லாத்தானே சிரிச்சுக்கிட்டு இருந்தான்?"

"தெரியலைங்க."

"ஏன் அழறான்?"

"நீங்கதான் ஓட்டிட்டீங்களே, எனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குத் தெரியும். முழுத் தொடரையும் முன்பே பார்த்து முடித்தவள்.

"அந்த அப்பன்காரன் ஏன் ரெண்டு பேரையும் முறைக்கிறான்?"

"அவரும் ஓட்டி ஓட்டித்தான் பாத்தாரோ என்னமோ."

மெத்தைக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடையில் ஒருத்தர் ஒற்றைக் கட்டில் மெத்தை கேட்க, இரட்டைக் கட்டில் மெத்தையைக் கட்டிக் கொடுத்தார். வாத்தியார் எங்கே போனான்? மெக்கானிக் என்ன சொன்னான்? தாங்க முடியாமல் ஒரு நாள் காட்சிக்கு வைத்திருந்த மெத்தையிலேயே படுத்து, போனைத் திறந்து, தான் ஓட்டிவிட்ட இடங்களை மட்டும் தேடித் தேடிப் பார்த்தார்.

எல்லாமே அங்கேதான் இருந்தது.

படகுக் கொட்டகையில் மழை சத்தம். மெக்கானிக்கின் சுட்டுக்கொண்ட கைக்கு வாத்தியார் மருந்து தடவுகிறான். தடவிக்கொண்டே, "அப்பா எனக்குக் கல்யாணம் பேசிட்டார். நான் மாட்டேன்னு சொல்லல. பயந்துட்டேன்" என்கிறான். குரலே வரவில்லை. நெற்றியை நெற்றியில் வைத்துக்கொண்டுதான் சொல்ல முடிகிறது. முழம் தள்ளி நின்றிருந்தால் அந்தப் பேச்சு பாதி வழியிலேயே விழுந்து செத்திருக்கும்.

அப்புறம் முத்தம் வந்தது. மெத்தைக்காரர் தலையணையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டார். முத்தம் சின்னதுதான். அதற்கு முன்னால் இருந்த பயம்தான் பெரிசு. இதைப் போய் அசிங்கம் என்று ஓட்டினோமே என்று இருந்தது.

அவருக்குத் தன் கதையும் ஞாபகம் வந்தது. மாமியார் செத்த அன்று மனைவி அவர் தோளில் முகத்தை வைத்து, "தம்பிக்கு இனி யாரும் இல்லைங்க" என்றாள். "நான் இருக்கேன்" என்றார் இவர். அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே உருப்படியான வசனம் அது. அதையும் யாராவது ஓட்டிவிட்டிருந்தால்?

"மெத்தை பாக்கணும்" என்று ஒரு குரல். புருஷனும் பெண்டாட்டியுமாக வாசலில் இருவர்.

மெத்தைக்காரர் எழுந்தார். கண் மூக்கெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் அந்த அம்மா.

"ஒண்ணுமில்லைம்மா. மெத்தை அவ்வளவு நல்லா இருக்கு."

அவர்கள் அதையே வாங்கிப் போனார்கள்.

கடைசி எபிசோட் அன்று மெத்தைக்காரர் ரிமோட்டைத் தொடவே இல்லை. "கை வலிக்குது" என்றார். டிவியில் வாத்தியாரின் அப்பா எழுந்து நின்று, "நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

"அவன்கிட்ட கேட்டியாய்யா?" என்று மெத்தைக்காரர் சோபாவிலிருந்து துள்ளினார். "யோவ்! கட்டிக்கப் போறவன் அவன்! ஒரு வார்த்தை அவன்கிட்ட கேட்டியா?"

மாடிப்படியில் ஏதோ தட்டுப்பட்ட சத்தம். மச்சினன் அங்கே நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஸ்பூன் விழுந்துவிட்டது. மனைவி விரிப்பில் இருந்த நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மெத்தைக்காரருக்கு என்னவோ இடித்தது. நல்லதுக்குத்தான் சொல்றேன். இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே? எங்கே? காலையில்தான். தன் வாயிலிருந்துதான். பேக்கரிக்காரர் பெண்ணைப் பற்றி மச்சினனிடம் சொன்னபோது. அவன் தலையை ஆட்டினானா, குனிந்தானா? அவர் பார்க்கவே இல்லை.

மச்சினன் அதற்குள் வேலைக்குக் கிளம்பிவிட்டான். அவர் கடைக்குப் போகாமல் லேப் பக்கம் நடந்தார். அவன்கிட்டயே கேட்டுவிடலாம் என்று. எதிரே பஸ் ஸ்டாண்டில் காலி பஸ் ஒன்று நின்றது. அதன் நிழலில் மச்சினனும் நெட்டையனும். மச்சினன் ஏதோ சொன்னான். மாடிப்படியில் கேட்டதைத்தான் சொல்லியிருப்பான், முகத்தில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக இருந்தது. நெட்டையன் குனிந்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தான். மச்சினன் அவன் தோளில் ஒரு நொடி நெற்றியை வைத்தான்.

மெத்தைக்காரரின் கட்டை விரல் தானாக அசைந்தது. வெறுங்காற்றை அழுத்தியது. ஒன்றும் ஓடவில்லை.

அந்தப் பக்கம் யாரோ வரும் சத்தம் கேட்டு இருவரும் சட்டென்று விலகினார்கள். மெத்தைக்காரர் கண்ணாலேயே அளந்தார். சரியாக ஒரு முழம். அவர் போட்ட சட்டம் அவருக்கு முன்பே தெருவில் இருந்திருக்கிறது. அதை வீட்டுக்குள் கூட்டிவந்து உட்கார வைத்ததுதான் அவர் செய்த வேலை.

நெஞ்சு கனத்தது. ஆனால் அவர் ரொம்ப நேரம் கனமாக இருக்கிற ஆள் இல்லை. உடனே ஒரு திட்டம் போட்டார். இது யாருக்கும் தெரியாது. நாம்தான் கண்டுபிடித்தோம். முதலில் பேக்கரிக்காரரிடம் போய்ச் சம்பந்தத்தை நிறுத்துவது. பிறகு வீட்டுக்குப் போய் மனைவியை உட்கார வைத்து, பதறாமல், பக்குவமாக விஷயத்தைச் சொல்வது. பாவம், அவள் அதிர்ச்சியில் விழுந்தாலும் விழுவாள். தாங்கிப் பிடிப்பது.

பேக்கரியில் தொண்டையைக் கனைத்தார். "நான் சொல்றதைக் கேட்டு நீங்க கோபப்படக் கூடாது. இந்தச் சம்பந்தம்..."

"வேண்டாம், அவ்வளவுதானே?" என்றார் பேக்கரிக்காரர், ரொட்டி அடுக்கிக்கொண்டே. "உங்க வீட்டம்மா அப்பவே வந்து சொல்லிட்டாங்களே. என் பொண்ணுக்கும் மேல படிக்கணும்னுதான் ஆசை, நிம்மதியாயிட்டா."

"எப்ப?"

"நீங்க ஏதோ தொடர் பாக்க ஆரம்பிச்ச அன்னிக்கு. 'கடைசி எபிசோட் முடிஞ்சதும் அவரே வருவாரு, ஒண்ணும் தெரியாத மாதிரி இருங்க'ன்னாங்க." பேக்கரிக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடடா. மறந்துட்டேன். ஒருதரம் வெளியே போய் மறுபடி வர்றீங்களா?"

ராத்திரி மெத்தைக்காரர் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையில் நெட்டையன் உட்கார்ந்திருந்தான். அவர் நாற்காலியில். மனைவி கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தான். எழுந்தான், எழுந்துகொண்டே இருந்தான். அவ்வளவு உயரம்.

மச்சினன் சுவரோடு ஒட்டி நின்றான். "மாமா, நான்..."

"டேய். என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"பயமா இருந்துச்சு மாமா."

மெத்தைக்காரர் மச்சினன் கிட்டே போனார். முழமெல்லாம் பார்க்கவில்லை. அவன் பிடரியைப் பிடித்து இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"நான் இருக்கேன்டா" என்றார்.

பிறகு நெட்டையனைப் பார்த்து, "தெருமுனையில எதுக்குய்யா இறக்கி விடுற? வாசல் வரைக்கும் வந்தா வண்டி தேஞ்சிடுமா?" என்றார்.

"பஸ் திரும்பாதுங்க" என்றான் நெட்டையன்.

"நீ நடந்து வாய்யா!"

எல்லோரும் சிரித்தார்கள். நெட்டையனுக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பிட்டார்கள். அவன் அவர் நாற்காலியிலேயே சாப்பிட்டான், அவரும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். பையன்கள் மாடிக்குப் போனதும் மெத்தைக்காரர் சோபாவில் சாய்ந்து, தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். மனைவியின் ஏற்பாடாகவே இருக்கட்டும். கடைசியில் பெரிய மனசு பண்ணியது யார்? அவர்தானே. இனிமேல் இந்த வீட்டில் அவருக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது.

மனைவி டிவியைப் போட்டாள். புதுத் தொடர். ஒருத்தி இன்னொருத்திக்குத் தலை பின்னிவிடுகிறாள். பின்னுகிறாள், பின்னிக்கொண்டே இருக்கிறாள்.

"இது எதுக்கு?" என்றார் மெத்தைக்காரர். "மச்சினன் விஷயம்தான் முடிஞ்சு போச்சே!"

"பேசாமப் பாருங்க. அடுத்த வாரம் உங்க தங்கச்சி வர்றா. தனியா வரல."