புகை: சரிசெய்து வரவும்

“இந்தச் சீட்டுல என்னதாங்க எழுதியிருக்கு?” என்று கணவரைக் கேட்டாள் ரோஷன் பீ.

“‘புகை: சரிசெய்து வரவும்’னு பிரேக் இன்ஸ்பெக்டர் எழுதிட்டாரு. அதுவரைக்கும் எப்.சி. கிடையாதாம், வண்டிய ரோட்டுல ஓட்டக்கூடாதாம்.” அன்வர் பாஷா தன் டீசல் வேனை முறைத்தார்.

“வெள்ளிக்கிழமை மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வூட்டுக்காரங்க பதினாறு பேரு பொம்மிடி ஸ்டேஷன்ல எறங்கறாங்க. நடந்தா வருவாங்க?”

“அதுக்குத்தானே மெக்கானிக்க வரச் சொல்லியிருக்கேன்!”

மெக்கானிக் காளியப்பன் வந்தான். ஃபில்டரை மாற்றினான். புகை குறையவில்லை, கூடவே வண்டிக்கு இருமலும் வந்தது.

“பாய், டீசல அளவில்லாமக் குடிக்குது. குடிச்சா புகையாதா? பம்ப்புல கொறைச்சுடறேன்.”

குறைத்தான். புகை நின்றது.

“லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் கூட ஓடும் பாருங்க!”

ஓடியது, சமதளத்தில். வெள்ளோட்டம் பார்க்கச் சொந்தக்காரர்களை ஏற்றிப் போனபோது கடத்தூர் மேட்டில் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். மச்சான் நூர் பாஷா மட்டும் உள்ளே உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

“யோவ், நாங்க தள்ளறோம், நீ பீடி குடிக்கிறியா?”

“உள்ள எழுதியிருக்கறபடிதான் மச்சான் செய்யறேன்.”

“எழுதியிருக்கா! நக்கலப் பாரு. எறங்குய்யா!”

“பாரத்தக் கொறைச்சா ஏறும் பாய்” என்றான் காளியப்பன். பின்சீட்டு இரண்டைக் கழற்றினார்கள். வண்டி மேடு ஏறியது. ஆள் ஏறத்தான் இடமில்லை.

“மாப்பிள்ளைக்காவது சீட்டு உண்டா, இல்ல அவரும் தள்ளணுமா?” என்றாள் ரோஷன் பீ.

“முதல்ல எப்.சி. வரட்டும்டி! சீட்ட அப்புறம் மாட்டிக்கலாம்.”

வியாழக்கிழமை காலை கிளம்பும்போது காளியப்பனுக்கு ஒரு சந்தேகம். “எதுக்கும் இன்னும் ஒரு சுத்து கொறைச்சுடறேன். இன்ஸ்பெக்டர் மூக்குக்கு வாசனைகூட வரக்கூடாது.”

வாசனை வரவில்லை. சத்தமும் வரவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலிலேயே எஞ்சின் உயிரை விட்டது. அவரும் காளியப்பனும் வியர்க்க வியர்க்க வேனை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

பியூன் பச்சியப்பன் எதிரே வந்தான்.

“பாரு பச்சியப்பா, நல்லாப் பாரு! பொட்டுப் புகை இருக்குதா?” என்று மூச்சிரைத்தார் அன்வர் பாஷா.

பச்சியப்பன் வேனுக்குள் தலையை நீட்டி, டிரைவர் சீட்டுக்கு மேலே பார்த்தான்.

“வண்டிப் புகைய யாரு பாய் கேட்டா? இங்க ‘புகை பிடிக்க கூடாது’ன்னு எழுதினதுல ‘கூடாது’ அழிஞ்சு கெடக்குது, அதத்தான் சரி பண்ணியாரச் சொன்னாரு!”