எட்டு மாதத்தில் ஆறு வருட அனுபவம்

பொய் சொல்வதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் கிடையாது. அதைச் சொந்த ஊரில் போய்ச் சொல்லக்கூடாது என்பதைத்தான் சிவகாசியில், ஒரு ஏசி அறையில் வைத்துக் கற்றுக்கொண்டேன்.

மதுரையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கிளையண்டுக்குக் கொடுக்கும் தாளில் எங்கள் கம்பெனி எப்போதும் “ஒரு சீனியர், இரண்டு ஜூனியர்” என்று எழுதும். எங்களிடம் சீனியர் என்று இருந்தவர் ஒரே ஒருவர். அவர் பெயர் ஒரே நேரத்தில் ஐந்து புராஜெக்டில் இருந்தது (ஆள் எதிலும் இல்லை). ஆறாவதாக வந்தது, சிவகாசிப் பட்டாசு முதலாளி ஒருவரின் ஆர்டர் ஆப். மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மீட்டிங்ல நீதான் சீனியர். ஆறு வருஷ அனுபவம். சரியா?”

அந்த முதலாளியின் விஸ்வநத்தம் யூனிட்டில் என் அப்பாதான் போர்மேன் என்பதை நான் மேனேஜரிடம் சொல்லவில்லை. அப்பாவிடமும் எதுவும் சொல்லவில்லை. மீட்டிங் நடப்பது டவுன் ஆபீஸில், அப்பா இருப்பது ஊருக்கு வெளியே. எங்கே பார்க்கப் போகிறார்! ஹாஸ்டல் தோழியின் காட்டன் புடவையைச் சுற்றிக்கொண்டு, பவர் இல்லாத ஒரு கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, மேனேஜர் பக்கத்தில் கம்பீரமாகப் போய் உட்கார்ந்தேன்.

“சீசன்ல எல்லா ஏஜெண்டும் ஒரே நாள்ல ஆர்டர் போட்டா தாங்குமாம்மா?” என்றார் முதலாளி.

“ஆறு வருஷத்துல எத்தனையோ பார்த்தாச்சு சார்” என்றேன். (குரலில் ஒரு சலிப்பு வேறு.)

அவருக்கு ரொம்ப சந்தோஷம். “அப்ப லோடு எப்படிப் போகுதுன்னு நம்ம போர்மேன்கிட்டயே கேட்டுக்கோங்க. வரச் சொல்லியிருக்கேன்.”

கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார்.

“ஏத்தா, கண்ணுக்கு என்ன?”

“தெரிஞ்ச பொண்ணா?” என்றார் முதலாளி.

“ஏம் மகதான் மொதலாளி.”

“ஆறு வருஷ அனுபவம்னு சொல்றாகளே?”

இருபது வருடமாக அப்பா அந்த முதலாளியிடம் ஒரு பொய் சொன்னதில்லை. (பட்டாசு யூனிட்டில் போர்மேன் பொய் சொன்னால் கட்டடம் மிஞ்சாது.) நான் கண்ணால் கெஞ்சினேன். அவருடைய பேரும் என் வேலையும் ஒரே பதிலில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த ஏசியிலும் அப்பாவுக்கு வியர்த்தது. அவரை இப்படி நிற்க வைத்துவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஆறு வருசத்துக்கு முன்னால இவ பதினொண்ணாங் கிளாஸ், மொதலாளி.”

மேனேஜர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்கவில்லை. முதலாளி அப்பா பக்கம் திரும்பினார்.

“நம்ம யூனிட்டுல புது ஆள மருந்து கலக்க விடுவீகளா?”

“எப்படி விடுவோம்? லேபிள் ஒட்டத்தான் சொல்லுவோம்.”

“அப்ப இங்கனயும் அதான் வழக்கம். மருந்து கலக்குற ஆளக் கூட்டிட்டு வாங்க மேனேஜர். பொண்ணு லேபிள் ஒட்டட்டும்.”

அடுத்த வாரமே அசல் சீனியர் நேரில் வந்தார். நான் மூன்று மாதம் சங்குசக்கரம், புஸ்வாணம் என்று ஆப்பில் சரக்குப் பெயர்களை அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது நிஜமாகவே நான் சீனியர். எந்தப் புராஜெக்டுக்கு யார் என்று முடிவு செய்வதும் நான்தான். புது ஆளைப் புது ஆள் என்றே எழுதுகிறேன், கிளையண்ட் யாரும் ஓடிப்போகவில்லை.

வீட்டில்தான் போன மரியாதை திரும்பவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா, “பொண்ணுக்கு வயசு எம்புட்டு?” என்று கேட்டார். என் அம்மா காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகத் திருப்பிக் கேட்டாள்.

“எங்க கணக்கா, கம்பெனி கணக்கா?”

மாப்பிள்ளைக்குப் புரை ஏறியது. இன்றைக்கும் என் பிறந்தநாளுக்கு மெழுகுவர்த்தி வாங்கப் போகும்போது, அந்த மனிதர் வாசலில் நின்று அதையேதான் கேட்கிறார்.